வாப்பா கட்டிய தென்காசி

அலுவலகத்தில் எனக்குச் சின்னதாக ஒரு பெயர் உண்டு. பழைய கம்ப்யூட்டர் விளையாட்டு எதையாவது புதிய கம்ப்யூட்டரில் ஓடவைக்க வேண்டுமென்றால் என்னிடம் வருவார்கள். நான் பார்க்கிற வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கல்யாணமாகிக் குழந்தை பெற்ற மனிதர்கள், பள்ளிக்கூடத்து நாளில் விளையாடியதை இன்னொரு தடவை பார்க்க ஆசைப்பட்டு, திருட்டுச் சாமானை நீட்டுவதுபோல் பென் டிரைவை நீட்டுவார்கள். பழைய விளையாட்டுகள் புதிய கம்ப்யூட்டரைக் கண்டால் முரண்டு பிடிக்கும். ஒரு சிறிய மென்பொருளைப் போட்டு, நீ இன்னும் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறாய் என்று அவற்றை நம்பவைக்க வேண்டும். வித்தை அவ்வளவுதான். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துக் கொடுத்துவிடுவேன்.

போன மாதம் ஒருவர் கொண்டுவந்த விளையாட்டு ஓடத் தொடங்கியதும் திரை முழுவதும் மண் நிறத்தில் ஒரு வெற்று நிலம் விரிந்தது. ரோடு இல்லை, வீடு இல்லை, மரம் மட்டும் அங்கங்கே. கொண்டுவந்தவர் சந்தோஷத்தில் கையைத் தட்டினார். அந்த நிலத்தை எனக்குத் தெரியும். சின்ன வயதில் அதைப் பார்ப்பதற்காக வாப்பாவின் ஒரு முழு லீவையும் நான் பாழாக்கப் பார்த்தேன்.

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து வாப்பா சவூதியில்தான் இருந்தார். தென்காசியில் எங்கள் தெருவில் பாதி வாப்பாக்கள் அந்தப் பக்கம்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, சாப்பாடும் முடிந்து, தெருவே போனுக்காகக் காத்திருக்கும். எங்கள் வீட்டில் போன் முதலில் உம்மாவிடம் போகும், அடுத்து அக்காவிடம், கடைசியில் என்னிடம். உம்மாவிடம் பேச வீட்டு விஷயம் இருந்தது. அக்காவிடம் பேச அவளுடைய மார்க் இருந்தது. என்னிடம் பேசத்தான் ஒன்றும் இல்லை. அவர் என்னைக் கைக்குழந்தையாக விட்டுப் போனவர். எப்போதாவது லீவில் வருவார். நான் ஒட்டிக்கொள்ளத் தொடங்கும் நேரத்தில் திரும்பிப் போய்விடுவார்.

"சாப்ட்டியாட்டி?"

"சாப்ட்டேன்."

"படிக்கியா?"

"படிக்கேன்."

அதோடு எங்கள் சரக்குத் தீர்ந்துவிடும். அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்கும், நான் மூச்சு விடுவது அவருக்குக் கேட்கும். பிறகு போனை உம்மா வாங்கிக்கொள்வாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, அவருடைய மூச்சுக்குப் பின்னால் டக், டக் என்று ஏதோ சத்தம் கேட்டது. என்ன சத்தம் என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டரும்மா. ரூம்ல ஒரு கேம் ஓடுது. ஊரு கெட்டுத கேம்."

"ஊரா? எந்த ஊரு?"

வாப்பா கொஞ்சம் யோசித்தார். யோசித்துவிட்டு, "தென்காசி" என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். வெறும் மணல்காடாக ஒரு இடம் கொடுப்பார்களாம். அதில் தண்ணீர் கொண்டுவந்து, கரண்ட் கொண்டுவந்து, ரோடு போட்டு, நாமாக ஒரு ஊரைக் கட்ட வேண்டுமாம். அடுத்த வெள்ளிக்கிழமை ரயில்வே கேட் வந்தது. அதற்கடுத்த வாரம் பஸ் ஸ்டாண்டு. எங்கள் தெருவைப் போடுகிற வாரத்தில், தெருமுனைத் தையல்கடை இடதுபக்கமா வலதுபக்கமா என்று வாப்பாவுக்கு மறந்துவிட்டது. நான் போனை அப்படியே வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, "எடதுபக்கம்" என்றேன், மூச்சு வாங்க. "நல்லவேளை, சொன்ன. இல்லன்னா தப்பாக் கெட்டிருப்பேன்" என்றார். அந்த நிமிஷத்திலிருந்து அந்த ஊரில் பாதி என்னுடையது ஆகிவிட்டது.

வாரம் முழுவதும் நான் ஊரை அளந்துகொண்டு திரிந்தேன். பள்ளிவாசல் சுவருக்குப் புதுசாக என்ன பெயிண்ட் அடிக்கிறார்கள், யானைப்பாலத்துக்குக் கீழே ஆற்றில் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது, எந்த வீட்டு முருங்கை காற்றில் சாய்ந்தது, எல்லாம் எனக்கு அத்துப்படி. வாப்பா கேட்பார், நான் சொல்வேன், அவர் கட்டுவார். குற்றாலத்துக்குப் போய்வந்தவர்கள் யாரைக் கண்டாலும் மறித்து, மெயின் அருவியில் தண்ணீர் எப்படி விழுகிறது, ஐந்தருவியில் ஐந்தும் விழுகிறதா என்று கேட்டு வைத்துக்கொள்வேன். கோடையில் குற்றாலத்தில் பாறை மட்டும் காய்ந்துபோய் நிற்கும்போதும் வாப்பா கட்டிய அருவியில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும் என்று சொல்லியிருந்தார். இதை நான் வகுப்பில் சொல்லாத பிள்ளை இல்லை.

மற்ற வீட்டுப் பிள்ளைகள் போனில் சாக்லேட் கேட்டார்கள், பேசும் பொம்மை கேட்டார்கள். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். லீவில் வரும்போது அந்த ஊரைக் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

"கொண்டாறேன்" என்றார் வாப்பா. அப்புறம் ஒவ்வொரு வாரமும் கேட்டேன். "அதான் சொல்லுதேம்லா, கொண்டாறேன்" என்றார்.

அவர் வந்தது சாரல் காலத்தில். எங்கள் ஊர் வளைகுடாக்காரர்கள் கூடுமானவரை அந்த மாதங்களுக்குத்தான் லீவு கேட்பார்கள். ஒரு வருஷத்து வெயிலை அருவியில் கழுவிவிட்டுப் போக வேண்டும் என்று கணக்கு. திருவனந்தபுரத்தில் இறங்கி, செங்கோட்டை வழியாக வேனில் வந்து சேர்ந்தபோது வாசலில் தூறிக்கொண்டிருந்தது. வாப்பா வேனிலிருந்து இறங்கியதும் வீட்டுக்குள் வராமல், தூறலில் முகத்தைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. பெட்டிகளைத் திறக்கட்டும் என்று நான் நின்றுகொண்டிருந்தேன்.

பெட்டிக்குள் வழக்கமான சாமான்கள் இருந்தன. போர்வை, தைலம், சோப்பு, ஈத்தம்பழம், உம்மாவுக்குத் துணி. எல்லாம் எடுத்து முடித்த பிறகு, சட்டைகளுக்கு அடியிலிருந்து ஒரு சிடியை எடுத்து என் கையில் தந்தார். "இந்தா, நீ கேட்டது." மேலே நிறையக் கீறல் விழுந்திருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இவ்வளவு சின்ன வட்டத்துக்குள் ரயில்வே கேட்டும் பஸ் ஸ்டாண்டும் எப்படி அடங்கியிருக்கும் என்று எனக்கு மலைப்பாக இருந்தது. அன்றைக்கு அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாமல் இல்லை. அந்த வருஷம்தான் அக்காவுக்கு ப்ளஸ் டூ படித்ததற்கு அரசாங்க லேப்டாப் கிடைத்திருந்தது. அதை அவள் கல்யாணப் பட்டுப்போல மடித்த துணிக்குள் வைத்திருந்தாள். ஆனால் அதில் சிடி போடுகிற இடம் கிடையாது. அதைவிடப் பெரிய தடை அக்காவின் பயம். அந்த லேப்டாப்பில் நாம் செய்வதை எல்லாம் சென்னையில் இருந்துகொண்டு பார்ப்பார்கள் என்று அவளுடைய வகுப்பில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

"கேம் போட்டா பிடுங்கிட்டுப் போயிருவாவ. அரசாங்கத்துக்குத் தெரிஞ்சிரும்ட்டி" என்றாள். அரசாங்கம் எங்கள் வாப்பாவின் ஊரைப் பார்த்தால் பாராட்டத்தானே செய்யும் என்று எனக்குப் பட்டது.

விசித்திரம் என்னவென்றால், வாப்பா அக்கா பக்கம் சேர்ந்துகொண்டார். "அவ சொல்லுதது சரிதாம்மா. படிக்கதுக்குக் குடுத்த சாமான். கெட்டுப்போச்சுன்னா?" என்றார். நான் விடவில்லை. மறுநாள் காலையில் கேட்டேன். "இன்னைக்குச் சாரல் நல்லாருக்கு, பழைய குற்றாலத்துக்குப் போவோம்" என்றார். இன்னொரு நாள் கேட்டேன். அன்று செங்கோட்டைப் பக்கம் பரோட்டா சாப்பிடக் கூட்டிப் போனார். கேட்கும்போதெல்லாம் எங்காவது கூட்டிப் போனார், எதையாவது வாங்கித் தந்தார். ரம்புட்டான், மங்குஸ்தான், சுடச்சுட நேந்திரங்காய் சிப்ஸ். இப்படி ஒரு லீவு எந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும்? எனக்கோ தின்ற எதுவும் ருசிக்கவில்லை. லீவு நாள் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் அவரும் நானும் சேர்ந்து உட்கார்ந்து அந்த ஊரைப் பார்த்துவிட வேண்டும். திரும்பிப் போன பிறகு நான் மட்டும் பார்த்து என்ன பிரயோஜனம்?

ஒரு நாள் குடும்பமே வேன் பிடித்து மெயின் அருவிக்குப் போனோம். போகும் வழியில் பெரியப்பா, தண்ணீர் அதிகம் விழுந்தால் குளிக்க விடமாட்டார்களே என்று கவலைப்பட்டார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"எங்க வாப்பா கெட்டுன அருவில எப்பவும் குளிக்கலாம். அங்கன போலீசே கெடையாது" என்றேன்.

வேன் முழுக்கச் சிரிப்பு. "ஏலே, நீ அங்கன வேலைக்குப் போனியா, அருவி கெட்டப் போனியாலே?" என்று பெரியப்பா தன் தம்பியைக் கிண்டல் செய்தார். வாப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய காது சிவந்திருந்தது. வெட்கப்படுகிறார், பெருமை சொன்னால் வாப்பாவுக்குப் பிடிக்காது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பெண்கள் பகுதியில் உம்மாவோடு நனைந்து நடுங்கி நான் வெளியே வந்தபோது, வாப்பா குளிக்காமல் துண்டைத் தோளில் போட்டபடி அருவியையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். அதே உயரத்துக்குத்தான் கட்டியிருக்கிறாரா என்று சரிபார்க்கிறார் போலும் என்று எனக்குத் தோன்றியது.

கடைசியில் என் வேலை மாமாவால்தான் ஆயிற்று. மாமா என்றால் உம்மாவின் தம்பி. கல்யாண வீடுகளில் வீடியோ எடுக்கிறவர். மணமக்கள் முகத்தை ரோஜாப்பூவுக்குள் வைத்துச் சுற்றவிடுவதில் தென்காசி வட்டாரத்திலேயே தன்னை அடிக்க ஆளில்லை என்பது அவருடைய அபிப்பிராயம். முடியாது என்கிற வார்த்தை அவருக்கு வராது. அதனாலேயே அவரிடம் கொடுத்த மிக்சி எதுவும் முழுசாகத் திரும்பியதில்லை. நான் சிடியைக் காட்டி அழுததும், "இது ஒரு விசயமா? வெள்ளிக்கெழமை உங்க வாப்பா தொழுதுட்டு வரும்போது ஊரு ரெடியா இருக்கும்" என்றார். வாப்பாவிடம் சொல்லாமல் செய்யலாம் என்ற யோசனையும் அவருடையதுதான். எனக்கு அது இன்னும் இனித்தது.

கீறலுக்கு மாமாவின் வைத்தியம் பற்பசை. சிடியில் பற்பசையைத் தடவி, பழைய கைலியால் நெடுநேரம் துடைத்தார். ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் போட்டுப் பென் டிரைவில் ஏற்றினார். அக்காவின் பயத்துக்கும் மருந்து வைத்திருந்தார். "நெட்ட அணைச்சிட்டா அரசாங்கத்துக்குக் கண்ணு தெரியாதுட்டி" என்று சத்தியம் செய்தார். அவள் லேப்டாப்பை வெளியே எடுத்தாள். முதலில் விளையாட்டு திறக்கவே இல்லை. இந்தக் கம்ப்யூட்டரில் இது ஓடாது என்று ஆங்கிலத்தில் ஒரு கட்டம் வந்து வந்து நின்றது. மாமா யார் யாருக்கோ போன் போட்டுக் கேட்டு, பழைய காலத்துக் கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கிற மென்பொருள் ஒன்றைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தார். அந்த வெள்ளிக்கிழமை, வாப்பா பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரத்தில், விளையாட்டு திறந்தது.

திறந்த வேகத்திலேயே மூடியும் கொண்டது. மூலையில் வருஷமும் மாதமும் காட்டுகிற சின்ன எழுத்து கண்ணில் நிற்காமல் ஓடியது. நான் ஒரு பொத்தானைத் தேடுவதற்குள் பல வருஷம் போய், கஜானா காலியாகி, உங்கள் ஆட்சி முடிந்தது என்று சொல்லிவிட்டது. மறுபடி திறந்தோம், மறுபடி முடிந்தது. அந்த விளையாட்டைச் செய்த காலத்துக் கம்ப்யூட்டர்கள் நிதானமாக ஓடியவை. அந்த நிதானத்தை நம்பி அதில் காலத்தை வைத்திருந்தார்கள். புது லேப்டாப்புக்கு அந்த நிதானம் தெரியவில்லை. இன்றைக்கு என்றால் இரண்டு பொத்தானை ஒன்றாகத் தட்டி வேகத்தைக் குறைத்துவிடுவேன். அன்றைக்கு அது எங்களில் யாருக்கும் தெரியாது.

மாமா தாடியைச் சொறிந்தார். "வேற வேலை இல்லாததுனாலதான் இந்த ஓட்டம் ஓடுது. இதுக்குப் பாரத்த ஏத்துவோம்" என்றார். பாரம் என்று அவரிடம் இருந்தது கல்யாண வீடியோக்கள்தான். பென் டிரைவிலிருந்து பெரியப்பா மகள் கல்யாணத்தை ஓடவிட்டார். கொஞ்சம் வேகம் குறைந்தது. தன்னுடைய கல்யாணத்தையும் ஓடவிட்டார். பக்கத்துத் தெருக் கல்யாணம், ஒரு வளைகாப்பு, ஒரு சுன்னத் விருந்து என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக்கொண்டே போனார். எல்லாப் பாட்டும் ஒரே நேரத்தில் ஒலித்ததில் உம்மா அடுக்களையிலிருந்து காதைப் பொத்திக்கொண்டு வந்தாள். மாமா சத்தத்தை மட்டும் அணைத்தார். நடுவில் விளையாட்டு, சுற்றிலும் பிரியாணித் தட்டுகளும் மாப்பிள்ளைகளும். லேப்டாப் மூச்சுமுட்டிச் சூடானது. காலம் நடக்கத் தொடங்கியது.

வாப்பா வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்துவந்து லேப்டாப்பின் முன்னால் உட்காரவைத்தேன். தொப்பியைக்கூட அவர் எடுக்கவில்லை.

"வாப்பா, ஓடுது! பாருங்க!"

அவர் பார்த்தார். நானும் அப்போதுதான் சாவகாசமாகப் பார்த்தேன். மண் நிறத்தில் ஒரு வெற்று நிலம். நான் அம்புக்குறியை நான்கு பக்கமும் நகர்த்திப் பார்த்தேன். மேலே போனாலும் கீழே போனாலும் மண்தான்.

"ஊரக் காணும்?" என்றேன்.

"அது அந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கும்மா" என்றார் வாப்பா, மெதுவாக. "சிடில வராது."

மாமா பெரிய மேதைபோல் தலையாட்டினார். "ஆமட்டி, கெட்டுனது எல்லாம் கெட்டுன எடத்துலதான் இருக்கும்."

இன்னொரு தடவை ஓரம்வரை நகர்த்திப் பார்த்தேன். ஆனாலும் நான் நம்பிக்கையைக் கைவிடுகிற ரகம் இல்லை. ஊர் வராவிட்டால் என்ன, ஊரைக் கட்டியவர் வந்திருக்கிறாரே. "அப்ப இங்கன ஒண்ணு கெட்டுங்க வாப்பா. மொதல்ல நம்ம தெரு" என்று மவுஸை அவர் கையில் திணித்தேன்.

அவர் அதைப் பிடித்த விதத்தில் எனக்கு ஏதோ உறுத்தியது. டீ கிளாஸைச் சூடு படாமல் பிடிப்பதுபோல விரல் நுனியால் பிடித்திருந்தார். அம்புக்குறி நிலத்தின்மேல் தயங்கித் தயங்கிப் போனது. ஒரு பொத்தானைத் தட்டினார், அங்கிருந்த மரம் ஒன்று காணாமல் போனது. இன்னொன்றைத் தட்டினார், ஏதோ கணக்கு விவரம் வந்து நின்றது. அதை மூடத் தெரியாமல் என்னைப் பார்த்தார். ரோடு என்பதற்கான படம் ஓரத்தில் பளிச்சென்று இருந்தது. எனக்கே தெரிந்தது. அவருடைய கண் அதைத் தாண்டித் தாண்டிப் போனது.

"ரோடு போடுங்க வாப்பா" என்றேன் மறுபடியும். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

அக்கா உம்மாவைப் பார்த்தாள். உம்மா, டீ போடுகிற நேரமே இல்லாத நேரத்தில், டீ போடப் போனாள்.

அப்போதுதான் வாப்பாவின் கண் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்த பெரியப்பா மகள் கல்யாணத்தில் போய் விழுந்தது. பந்தலில் ஒரு பையன் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நடந்துபோனான். வாப்பா குனிந்து பார்த்தார்.

"இது யாரு, அண்ணன் வீட்டுப் பெரியவனா? இவ்வளவு ஒசரமா வளந்துட்டானா!"

"அது போன வருசத்துக்கு முந்துன வருசம் மச்சான். இப்ப இன்னும் ஒசரம்" என்றார் மாமா.

"பந்தல் எங்கன போட்டாவ? நம்ம தெருவுலயா? இந்த வீட்ட இடிச்சுக் கெட்டிட்டாவளா?" மவுஸை அவர் எப்போதோ விட்டுவிட்டிருந்தார். மாமா உற்சாகமாகிவிட்டார். யார் யார், எந்த வீடு, யாருக்கு யார் சம்பந்தி என்று விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். அந்தக் கல்யாணங்கள் ஒன்றில்கூட வாப்பா இருந்ததில்லை. மாமாவின் கல்யாணத்தில், முன்பல் விழுந்த வாயோடு நான் பச்சைப் பாவாடையில் வந்து, காமிராவைப் பார்த்ததும் லட்டைப் பின்னால் மறைத்துக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. "அத இன்னொரு மட்டம் போடு" என்றார் வாப்பா. மாமா போட்டார். "இன்னொரு மட்டம்" என்றார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. நான் பக்கத்திலேயே உயிரோடு உட்கார்ந்திருக்கிறேன், அவர் எப்போதோ லட்டுத் தின்ற என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். திரையின் நடுவில் மாதங்கள் அவை பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. என் நிலத்தில் ஒரு குடிசைகூட வரவில்லை.

"வாப்பா, கேமு!"

"இந்தாம்மா, ஒரு நிமிசம்."

அந்த நிமிஷம் முடியவே இல்லை. அந்த வருஷங்களில் எங்கள் ஊரில் கரண்ட் போவதற்கு நேரம் காலம் கிடையாது. கரண்ட் ஏற்கனவே போயிருந்ததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. இத்தனை கல்யாணங்களைச் சுமந்த லேப்டாப் பேட்டரி தீர்ந்து அணைந்தது. வாப்பா அணைந்த திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

அதற்குப் பிறகு நான் கேமைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவரும் திறக்கவில்லை. மிச்ச லீவில் ஒரு நாள் தவறாமல் மாமா வீட்டுக்குப் போய் மற்ற வீடியோக்களையும் பார்த்து முடித்தார். பிறகு பெட்டி கட்டினார். வேன் வந்தது. என் தலையில் கையை வைத்து அழுத்திவிட்டு ஏறினார்.

நடந்தது என்ன என்று உம்மா எனக்குச் சொன்னது நான் கல்லூரிக்குப் போன பிறகு, மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது, ஏதோ அரிசி விலை சொல்வது மாதிரி. அந்தக் கம்ப்யூட்டர் வாப்பாவுடையதே அல்ல. ரூமில் கூட இருந்த புனலூர்க்காரர் ஒருவருடையது. அவர் விளையாடுவார், வாப்பா மேல்கட்டிலில் படுத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார். எங்கள் தென்காசி தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே அந்த மனிதர் வேலையை முடித்துக்கொண்டு, கம்ப்யூட்டரையும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். கட்டிலுக்கு அடியில் கிடந்த சிடி மட்டும் மிஞ்சியது. டக் டக் சத்தம் எப்போது நின்றது என்று நான் கவனித்திருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு, பள்ளிவாசல், அருவி எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. பாலைவனத்துக் கேம்ப் ஒன்றில், வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு, வாப்பா அவற்றைக் கட்டியிருக்கிறார்.

ஆனால் இது எதுவும் தெரியாத அந்தச் சிறுமிக்கு வெள்ளிக்கிழமைகள் வந்துகொண்டிருந்தன. போன் உம்மாவிடம் போகும், அக்காவிடம் போகும், என்னிடம் வரும்.

"சாப்ட்டியாட்டி?"

"சாப்ட்டேன்."

"படிக்கியா?"

"படிக்கேன்."

தையல்கடை இடம் மாறியிருந்தது. அவர் கேட்கவில்லை. ஆற்றில் வெள்ளம் வந்து யானைப்பாலத்தைத் தொட்டது. அதையும் கேட்கவில்லை. எனக்கு அந்த ஊர் வேண்டியிருந்தது. இல்லாத ஊர்தான் என்று ஏறக்குறையப் புரிந்துபோன பிறகும் வேண்டியிருந்தது. வாப்பா மறுபடி ஒரு பொய் சொன்னால் போதும், அப்படியே நம்பிவிடலாம் என்று போனைக் காதில் அழுத்திக்கொண்டு நிற்பேன். கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது யோசித்தால், சொல்ல அவருக்கும் வெட்கமாக இருந்திருக்கும். இருவரும் மூச்சு விடுவதைக் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிடுவோம்.

அக்கா கல்லூரியில் சேர்ந்து, அரசாங்கப் பயம் தெளிந்து, லேப்டாப்பை என்னிடம் விட்டது அதற்குப் பிறகுதான். நான் கல்யாணங்களை எல்லாம் ஓடவிட்டுக்கொண்டு அந்த விளையாட்டைப் பழகினேன். முதலில் மின்நிலையம், பிறகு கம்பி, பிறகு ரோடு என்று வரிசை பிடிபட்டது. ஊர் பலமுறை திவாலானது. பிறகு ஒருநாள் திவாலாகாமல் நின்றது. அதற்குத் தென்காசி என்று பெயர் வைத்தேன். ஒரு பரீட்சைக்கு இவ்வளவு பாடுபட்டிருந்தால் உம்மா எனக்கு வளையலே வாங்கித் தந்திருப்பாள்.

அந்த வெள்ளிக்கிழமை போன் என் கைக்கு வந்ததும், அவர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதற்குள் சொல்லிவிட்டேன்.

"வாப்பா, நான் ஊரு கெட்டிட்டேன்."



"எந்த ஊரு?"

"தென்காசி."

"ஓடுதா?"

"ஓடுது வாப்பா. ஆளெல்லாம் குடி வந்துட்டாவன்னு கணக்குல காட்டுது."

அவருடைய குரல் மாறியது. கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கிறேன். "ரயில்வே கேட்டு போட்டியா?" என்றார். தண்டவாளம் போட்டிருக்கிறேன், ரோட்டைக் குறுக்கே வெட்டுகிற இடத்தில் கேட் தானாக வந்துவிட்டது என்றேன். "நம்ம தெரு?" போட்டாயிற்று, ஆனால் நேராகத்தான் போட முடிந்தது, அந்த வளைவு வரவில்லை. "அருவி?" அருவி இந்தக் கேமில் இல்லவே இல்லை வாப்பா, பதிலுக்கு ஒரு குளம் வெட்டியிருக்கிறேன் என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் போனில் அப்படிச் சிரித்து நான் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. எந்தப் படத்தைத் தட்டினால் எது வரும், பள்ளிக்கூடத்தை எங்கே வைத்தால் ஊர் வளரும் என்று விளக்கிக்கொண்டே போனேன். அவர் ஒன்றையும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். உம்மா போனுக்குக் கையை நீட்டியபோதும் நான் கொடுக்கவில்லை.

நான் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், "அதுல நான் எங்கன இருக்கேன்ட்டி?" என்றார் வாப்பா.

எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு விளக்கிய பிறகும் இப்படிக் கேட்கிறாரே என்று இருந்தது. "இதுல ஆள வைக்க முடியாது வாப்பா. வீடு, ரோடு, மரம் மட்டுந்தான் வைக்கலாம்" என்றேன்.

"சரிம்மா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "உம்மாட்ட குடு" என்றார்.

கொடுத்துவிட்டு லேப்டாப்புக்கு ஓடினேன். கேமைப் பற்றித்தான் கேட்டார் என்று நினைத்து, எனக்குத் தெரிந்ததைச் சரியாகச் சொன்ன சந்தோஷத்தில் இருந்தேன் நான்.